வீட்டுத் தொழிலுக்கு வரிக் கணக்காளர் வேண்டுமா?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றோடு போகும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், வீட்டுக்குள் வரும் பொருளுக்கு அளவு வேண்டாமா? ஆயினும் நம்மிற் பலர், செலவை எண்ணி வருந்தும் அளவுக்கு வரவை எண்ணிப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளமென்றால் அதற்கொரு சம்பளத் துண்டு உண்டு. பக்கத் தொழிலில் வரும் பணமோ, ஒரு கையால் வந்து மறு கையால் போய்விடுகிறது. ஆண்டு முடிவில் எவ்வளவு வந்தது என்று கேட்டால், விடை சொல்ல எவருமில்லை.

இன்று மலையகத்தில் இத்தகைய பக்கத் தொழில் இல்லாத நடுத்தரக் குடும்பத்தைக் காண்பது அரிது. சித்திரை பிறந்ததும் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் காண வருவோர் கிரகரி வாவியைச் சுற்றி நிறைந்துவிடுவர். அக்காலத்தில், ஓர் அறை மிகுதியாக உள்ள வீட்டார் அதனை வாடகைக்கு விடுகின்றனர். அட்டனிலோ வேறொரு பருவம். மார்கழிப் பௌர்ணமி தொட்டு வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர், அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி நோக்கிச் செல்லுவர். அவர்களை நம்பி உணவு சமைப்போரும் வாகனம் ஓட்டுவோரும் பலர். இவையன்றி, கேக் செய்து விற்கும் இல்லத்தரசியர், சட்டை தைப்போர், மாலை வகுப்பு நடத்தும் எம்போன்ற ஆசிரியர் எனப் பட்டியல் நீளும்.

இவர்கள் அனைவரிடத்தும் என்றோ ஒரு நாள் ஒரு கேள்வி எழுகிறது. "இதற்கு வரி உண்டா? உண்டென்றால் நாமே பார்த்துக்கொள்ளலாமா? கணக்காளர் ஒருவரை வைக்க வேண்டுமா?" இக்கேள்வி எமது இல்லத்திலும் எழுந்தது. நாம் முதலிற் கண்ட விடை தவறானது. பின்னர் கண்ட விடை, எம்மைச் சற்று நாணவும் செய்தது. அதனையே இங்கு எழுதுகிறோம்.

சம்பளம் வேறு, வருமானம் வேறு

எமது வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் வெறுமனே கிடந்தன. எம் மனைவியார் அவற்றைத் துப்புரவு செய்து, திரைச்சீலை தொங்கவிட்டு, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விருந்தினருக்குத் திறந்தார். முதற் பருவம் நன்றாகவே நடந்தது. பருவம் முடிந்ததும், ஓராண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டுப் பார்த்தோம். வரவு 12 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா, செலவு 5 இலட்சத்து 60 ஆயிரம், எஞ்சுவது 7 இலட்சம்.

"எமது சம்பளத்தில் வரி ஏதும் பிடிக்கப்படவில்லையே! எனவே நாம் வரிக்கு உட்பட்டவர் அல்லர்" என்பதே எமது முதல் முடிவு. இதே முடிவுடன் பல அரசாங்க ஊழியர் நிம்மதியாக உறங்குகின்றனர் என்பதை அறிவோம். அந்நிம்மதிக்கு ஆதாரமில்லை.

விடயம் யாதெனில், 2025 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் நாட்டில் வதியும் தனியொருவருக்கு ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. இதற்குத் தனிநபர் நிவாரணம் என்று பெயர். அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு 1 இலட்சத்து 50 ஆயிரம். மாதச் சம்பளம் அதனைத் தாண்டினால்தான் தொழில் கொடுப்போர் சம்பளத்தில் வரி பிடிப்பர். ஆனால் இந்த 18 இலட்சம், சம்பளத்துக்கு ஒன்று, அறை வாடகைக்கு ஒன்று, மாலை வகுப்புக்கு ஒன்று எனத் தனித்தனியே கிடைப்பதன்று. ஓர் ஆளுக்கு ஒன்றே. அவர் எத்தனை வழியில் ஈட்டினாலும் அத்தனையும் சேர்த்தே அளவிடப்படும்.

எமது சம்பளம், எளிமை கருதி, ஆண்டுக்கு 12 இலட்சம் என்று கொள்வோம். அறைகளின் இலாபம் 7 இலட்சத்தைக் கூட்டினால் 19 இலட்சம். நிவாரணத்துக்கு மேல் நிற்பது 1 இலட்சம். நிவாரணத்தை அடுத்துவரும் முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 வீதம். ஆகவே வரி 6,000 ரூபா.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

நகரத்துக் கணக்காளர் ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்தோம். ஆண்டுக் கணக்கைத் தயாரித்து விபரத்திரட்டு அனுப்ப 25,000 ரூபா கேட்டார். அவர் உழைப்புக்கு அஃது அதிகமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆறாயிரம் வரி கட்ட இருபத்தையாயிரம் கூலியா என்று எமக்குத் தோன்றியது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று மனைவியார் நகைத்தார். இருவரும் சேர்ந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்தோம்.

அந்தப் "பிறகு" என்ற சொல்லின் விலையை எமக்குக் கற்பித்தவர் எம்முடன் பணியாற்றும் நண்பர் ஒருவர். பல ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வந்த அவர், வரிக் காரியங்களை நகரில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். ஒப்படைத்தது என்றால் முற்றாகவே ஒப்படைத்தார். பற்றுச்சீட்டுக்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டுக் கொடுத்தார். திணைக்களத்தின் இணையக் கணக்குக்கான கடவுச்சொல்லையும் கொடுத்தார். அம்மனிதர் எந்தத் தொழிற் சங்கத்தில் உறுப்பினர், அவருக்கு என்ன தகைமை என்று கேட்டவரல்லர். 2024 நவம்பர் 30ஆந் திகதிக்குள் சேரவேண்டிய விபரத்திரட்டு, 2025 ஜூன் மாதம் வரை சேரவேயில்லை. "அனுப்பிவிட்டேன்" என்ற வாய்ச்சொல்லைத் தவிர நண்பரிடம் அத்தாட்சி எதுவுமில்லை.

சட்டமோ இவ்விடயத்தில் இரக்கமற்றது. உரிய நாளில் விபரத்திரட்டு அனுப்பாதவருக்கு விதிக்கப்படும் தண்டம் இரு வகையாகக் கணக்கிடப்படும். ஒன்று, செலுத்தவேண்டிய வரியில் 5 வீதமும் பிந்தும் மாதம் ஒவ்வொன்றுக்கும் மேலும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும் பிந்தும் மாதம் ஒவ்வொன்றுக்கும் மேலும் 10,000 ரூபாவும். இரண்டில் எது பெரிதோ அதுவே தண்டம். 4 இலட்சம் அதன் உச்ச வரம்பு. ஏழு மாதம் பிந்திய எம் நண்பருக்கு அது 1 இலட்சத்து 20 ஆயிரம் வரை செல்லக்கூடும். அவர் செலுத்த வேண்டியிருந்த வரியோ அதில் ஒரு சிறு பகுதி.

இங்கே இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. சிறு தொழிலுடையோருக்கு வரியைக் காட்டிலும் தாமதமே பெரும் பகை என்பது ஒன்று. வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க இயலாது என்பது மற்றொன்று. திணைக்களத்தின் கடிதம் கணக்காளரின் பெயருக்கு வராது. நம் பெயருக்கே வரும்.

மாமனார் கோடிட்ட கொப்பி

நண்பரின் கதையை வீட்டிற் கூறியபோது எம் மாமனாரும் உடனிருந்தார். அவர் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாகப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதை நெருங்கியும் ஞாபகம் மழுங்காதவர்.

"மாப்பிள்ளை, நம்ம சனத்துக்குக் கணக்கு எப்பவும் அடுத்தவர் கையிலதான் இருந்தது" என்று அவர் தொடங்கினார். அவர் சொன்னது வரலாறு. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த காலத்தில், தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது "துண்டு" என்ற ஒரு சீட்டில் எழுதப்பட்டது. அவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், புதிய தோட்டம் அந்தத் துண்டிலுள்ள கடனைத் தீர்க்க வேண்டும். சீட்டில் எழுதிய தொகை சரியா, பிழையா என்பதை வாசிக்கவும் அறியாத மக்கள், தலைமுறை தலைமுறையாக அதனைச் சுமந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது. அதன் பின்னரும் பிரட்டுக்களத்தில் எவருக்குப் பேர் விழுந்தது, எவருக்கு அரைப்பேர், கொழுந்து எத்தனை றாத்தல் என்பன யாவும் செக்ரோலில் அடங்கின. அந்தச் செக்ரோல் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

"நான் பேர் போட்டவன். அதனால் சொல்லுகிறேன்" என்றார் மாமனார். "கணக்கப்பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு இல்லாதவன் கணக்கப்பிள்ளையை வைத்தால், அவன் சொன்னதுதான் கணக்கு."

அன்று மாலையே ஒரு பெரிய கொப்பியை வாங்கி, அடிமட்டம் வைத்துத் தம் கையாலேயே கோடிட்டார். திகதி, வந்தவர், எத்தனை இரவு, பெற்ற தொகை, காசாகவா வங்கியிலா, செலவு, பற்றுச்சீட்டு இலக்கம் என ஏழு நிரல்கள். பற்றுச்சீட்டுக்களுக்கு இலக்கமிட்டு மாதத்துக்கொரு உறையில் இட்டார். நாளொன்றுக்கு ஐந்து நிமிட வேலை. மனைவியார் எழுதினார், மாமனார் சரிபார்த்தார், நாம் வேடிக்கை பார்த்தோம்.

இரண்டு மாதத்தில் அக்கொப்பி எமக்குப் பல பாடங்களைச் சொல்லிற்று. விருந்தினரைத் தேடித் தரும் இணையத்தளம் பிடித்துக்கொள்ளும் தரகுப் பணத்தை நாம் செலவாக எழுத மறந்திருந்தோம். விருந்தினர் காலையுணவுக்கு வாங்கிய முட்டையும் பாணும், எம் பிள்ளைகள் உண்டவற்றோடு கலந்திருந்தன. வீட்டுச் செலவைத் தொழிற் செலவாகக் காட்டுதல் ஆகாது. மின்சாரக் கட்டணம் போல் இரண்டுக்கும் பொதுவானவற்றை நியாயமான விகிதத்திற் பிரித்தெழுத வேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்யக் கணக்காளர் தேவைப்படவில்லை. நேர்மையும் ஒரு பென்சிலும் போதுமாயிருந்தன.

எஞ்சியவை மூன்று கேள்விகளே. சுடுநீர்ச் சாதனத்துக்குக் கொடுத்த 60,000 ரூபாவை ஒரே ஆண்டில் செலவாக எழுதலாமா? எமது வருவாய் வீட்டு வாடகையா, தொழில் இலாபமா? வீட்டுறுதி எம் மனைவியாரின் பெயரில் இருப்பதால் ஏதேனும் வேறுபாடு உண்டா? கொப்பியால் விடை காண இயலாத கேள்விகள் இவை. ஆண்டு முழுவதற்கும் அல்லாமல், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வல்லுநரைக் காண்பது என்று முடிவு செய்தோம்.

"இது யாருடைய தொழில்?"

கண்டியிலே பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் எம் மனைவியாரும் நாமும் கொப்பியுடன் சென்றோம். ஆலோசனைக் கட்டணம் 5,000 ரூபா. அவர் கொப்பியை மெல்லப் புரட்டினார். முதலிரு கேள்விகளுக்கும் விரைவில் விடை கிடைத்தது. சுடுநீர்ச் சாதனம் பல ஆண்டு பயன்படும் பொருள். அதன் விலையை 5 ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 12,000 எனக் கழித்துவர வேண்டும். வெறுமனே வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு, பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கென வாடகையில் 25 வீதத்தைக் கழிக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆனால் விரிப்பு மாற்றி, காலையுணவு கொடுத்து, நாட் கணக்கில் அறை விடுவது தொழில். அதற்கு உண்மையான செலவுகளே கழிக்கப்படும்.

பின்னர் அவர் நிமிர்ந்து, "இது யாருடைய தொழில், மாஸ்டர்?" என்று கேட்டார்.

"நாம் நடத்துவதுதான்" என்றோம்.

"நாம் என்றால் யார்?"

பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகியவர் "நான்" என்று சொல்லக் கூசுவர். "நாம்" என்றே எழுதுவர். எழுத்திலே அது பணிவு. வரிச் சட்டத்திலோ "நாம்" என்று ஒருவர் இல்லை. வருமானத்துக்கு உரியவர் இன்னார் என்று பெயர் சொல்லியாக வேண்டும். நாம் பதில் தேடிக்கொண்டிருக்கையில், மனைவியாரே பேசினார். "விருந்தினர் என்னுடைய தொலைபேசிக்குத்தான் பேசுகிறார்கள். பணம் என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சமைப்பதும் துவைப்பதும் நான். வீடு அப்பா எனக்கு நன்கொடையாக எழுதித் தந்தது."

"அப்படியானால் அம்மா, இது உங்கள் தொழில். இலாபமும் உங்களுடையது" என்றார் கணக்காளர்.

இன்றைய சட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியே வரி செலுத்துவோர். மனைவியாருக்கும் தமக்கென 18 இலட்சம் ரூபா நிவாரணம் உண்டு. அவருடைய இலாபம் 7 இலட்சம். ஆகவே அவருக்கு வரியில்லை. எமக்கோ சம்பளம் 12 இலட்சம் மாத்திரம், எமக்கும் வரியில்லை. நாம் அச்சத்தோடு கணக்கிட்ட அந்த ஆறாயிரம், எவரும் செலுத்த வேண்டாத ஆறாயிரம்!

உடனே கணக்காளர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். இது பெயரை மாற்றி வரியைக் குறைக்கும் தந்திரமன்று. தொழிலை நடத்துபவர் உண்மையிலேயே அவராக இருப்பதாற்றான் இவ்விடை. கணவன் நடத்தும் தொழிலைத் தாளில் மட்டும் மனைவி பெயருக்கு மாற்றினால், அதனைத் திணைக்களம் ஏற்காது. மேலும், வரியில்லை என்பதனாற் பதிவு வேண்டாமென்று ஆகாது. 18 வயது நிரம்பியோர் அனைவரும் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் பெறவேண்டுமென்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. இலக்கம் பெறுவதாலேயே வரி வந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். இலக்கம் வேறு, வரி வேறு. கடைசியாக, "இப்போதைக்கு நீங்கள் என்னை ஆண்டுதோறும் அமர்த்த வேண்டியதில்லை. கொப்பியை நிறுத்திவிடாதீர்கள்" என்று கூறி அனுப்பினார்.

திரும்பும் வழியில், நானுஓயாவை நோக்கி ஏறிய புகையிரதத்தில், மனைவியார் நெடுநேரம் தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி இருந்தார். பின்பு, "எங்கள் அப்பாயி வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்தவர். சம்பள நாளில் காசை வாங்கியது தாத்தா. அதில் எவ்வளவு தம்முடையது என்று அப்பாயிக்குக் கடைசிவரை தெரியாது" என்றார். தோட்டங்களிற் பெண்களின் சம்பளத்தைக் கணவன்மார் பெற்றுக்கொள்வது நீண்டகால வழக்கமாயிருந்ததை நாமும் அறிவோம். வகுப்பிலே மாணவருக்கு அதனை எடுத்துக் கூறிக் கண்டித்துமிருக்கிறோம். ஆயினும் எமது முதற் கணக்கிலே, மனைவியாரின் உழைப்பை எமது சம்பளத்தின் கீழே ஒரு வரியாக எழுதிக் கூட்டியவரும் நாமே அன்றோ?

எப்போது கணக்காளர் வேண்டும்?

எம் அனுபவத்தைக் கொண்டு, கணக்காளர் எவருக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. தொழிலிற் கூட்டாளி சேரும்போதும், சம்பளத்துக்கு ஆள் வைக்கும்போதும், காணி விற்கும்போதும், வெளிநாட்டுப் பணம் வரும்போதும், திணைக்களத்திலிருந்து அறிவித்தல் வரும்போதும் வல்லுநரை நாடுவதே அறிவுடைமை. அவ்வேளைகளிற் கட்டணத்தைச் செலவென்று எண்ணலாகாது. ஒரு சம்பளமும் ஒரு சிறு தொழிலும் மாத்திரம் உடையவர், நாட்கணக்கை ஒழுங்காக எழுதிவந்தால், முதலாண்டில் ஒரு முறை ஆலோசனை பெற்றுப் பின்னர் தாமே நடத்திச் செல்ல இயலும். திணைக்களத்தின் 1944 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஐயங்களைக் கேட்டறியவும் வழியுண்டு.

விதிகள் மாறுவன என்பதையும் நினைவிற் கொள்க. வருமான வரி இலங்கைக்கு வந்தது 1932இல். அன்றுதொட்டுச் சட்டம் பலமுறை புதுக்கப்பட்டது. அண்மைக் காலத்தை மட்டும் பார்த்தால், தனிநபர் நிவாரணம் 2020இல் 30 இலட்சமாக உயர்ந்து, 2023இல் 12 இலட்சமாகத் தாழ்ந்து, 2025இல் 18 இலட்சமாயிற்று. சென்ற ஆண்டுக் கணக்கை நம்பி இவ்வாண்டு உறங்கலாகாது. வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரி செலுத்த வேண்டியவருக்குத் தவணை நாட்கள் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆந் திகதிகள். மிச்சத்தைத் தீர்க்கும் நாள் செப்தெம்பர் 30. விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. இந்நாட்களை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்தல் நன்று.

கணக்காளரை அமர்த்துவோர்க்கும் சில சொற்கள். அவர் எந்த நிறுவனத்தின் உறுப்பினர் என்று தயங்காமற் கேளுங்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் போன்றவற்றில் அவர் உறுப்பினரா என்பதை உறுதிசெய்துகொள்ளலாம். கட்டணத்தை எழுத்திற் பெறுங்கள். கடவுச்சொல்லைக் கைவிடாதீர்கள். அனுப்புமுன் விபரத்திரட்டை வாசியுங்கள். அனுப்பிய பின் அதன் அத்தாட்சியைக் கேட்டுப் பெறுங்கள். கணக்கையும் பற்றுச்சீட்டுக்களையும் ஐந்தாண்டு பத்திரப்படுத்துங்கள்.

கண்டியிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு, நடந்தவற்றை மாமனாரிடம் கூறினோம். அவர் மறுமொழி ஏதும் சொல்லாமல் கொப்பியைக் கேட்டு வாங்கினார். அதன் அட்டையிலே நாம் முன்பு எமது பெயரை எழுதி வைத்திருந்தோம். பழைய செக்ரோல்களில் பிழையான பேரைத் திருத்துவதுபோல், அதன்மேல் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டு, கீழே தம் மகளின் பெயரை எழுதினார். மை உலரும்வரை ஊதிவிட்டு, அதனை மகளின் கையிற் கொடுத்தார்.